கடன் கட்டுறவ கையில அளவு டேப்பும் இருக்கணும்

(நமது வட்டார அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கொத்தனார் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லை. சாரத்தில் நின்று பேசித்தான் பழக்கம். அதனால சத்தம் கொஞ்சம் கூடுதலா இருந்தா பொறுத்துக்கணும்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். குழுக் கடன் வாங்கி வீடு கட்டினவங்க, இல்லாட்டி வீட்டுல ஒரு ரூம்பு இழுத்துக் கட்டினவங்க எத்தனை பேரு? கையைத் தூக்குங்க. பாதிக்கு மேல இருக்கீங்க. சரி, அதுல ஜன்னல் எங்க வைக்கணும்னு உங்களைக் கேட்டு வச்சவங்க மட்டும் கையை அப்படியே வச்சிருங்க. மத்தவங்க இறக்கிடுங்க.

பாருங்க, எத்தனை கை மிஞ்சியிருக்குன்னு. எண்ணிடலாம்.

என் கையும் இறங்கின கைதான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

என் வீட்டுக் கதை

2018 நவம்பர் 16 யாருக்கும் மறக்காது. கஜா புயல் அன்றைக்கு விடியற்காலையில் வந்தது. நம்ம ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீடு ஓட்டு வீடு. புளியமரம் ஒன்று மேலே விழுந்து பாதி வீடு போய்விட்டது. உயிர் தப்பினதே பெரிசு. உடையாமல் மிஞ்சின ஓடுகளை மட்டும் பொறுக்கி, கொல்லையில் அடுக்கி வைத்தேன். அந்த ஓட்டுக் கதை பின்னால வரும்.

அடுத்த வருஷம் தளம் போட்ட வீடு கட்டினோம். குழுவில் வங்கிக் கடன், உள்கடன், அது பத்தாமல் வெளியில வாரத் தவணைக் கடன். எல்லாமாக நாலே முக்கால் லட்சம். அத்தனை கடனிலும் கையெழுத்து என்னுது. தவணை கட்டினதும் நான்.

அப்ப நான் சித்தாள். பத்தொன்பது வருஷமா சட்டி தூக்குறேன். எத்தனையோ வீட்டுக்கு வானம் தோண்டினதிலிருந்து தளம் போட்டது வரைக்கும் கூடவே நின்றிருக்கேன். எந்த வீடு வெந்துபோகும், எந்த வீடு குளுகுளுன்னு இருக்கும்னு கலவை சுமக்கிற எனக்குத் தெரியும். ஆனா என் வீட்டுக்கு அளவு போட்ட அன்றைக்கு, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் திண்ணையில் உக்காந்து பேசினாங்க. நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல. என்னை யாரும் கேக்கலங்கிறது ஒரு பக்கம். நானும் வாயைத் திறக்கலங்கிறதுதான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துது.

வீடு எப்படி வந்தது தெரியுமா? ரோடு மேற்கே இருக்குன்னு வீட்டை மேற்குப் பார்த்து நீட்டினாங்க. நீளமான சுவர், ரெண்டு ஜன்னல் எல்லாம் மேற்கே. எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. "திருட்டு பயம்"னு சொன்னாங்க. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு ஒன்பது அங்குலம், பேருக்கு. முன்பக்கம் சுவருக்கு டைல்ஸ், படிக்கு கிரானைட். அதுல காசு தீர்ந்து, மொட்டை மாடிக்கு மேல் தளம் போடாமலே விட்டாங்க.

முதல் சித்திரையிலேயே தெரிஞ்சு போச்சு. ராத்திரி பத்து மணிக்குக் கூரையைத் தொட்டா சூடு. ஃபேன் போட்டா அனல் காத்து. நான் பகல்ல வேலைக்குப் போயிடுவேன். வீட்டுக்குள்ள கிடந்தது யாரு? பூ கட்டிக்கிட்டிருந்த என் மாமியார். ஒருநாள் மத்தியானம் மயங்கி விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாத்துத் தண்ணி தெளிச்சு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போச்சு. டாக்டர், "வெயில்ல வேலை பாத்தாங்களா?"ன்னு கேட்டார். "இல்ல சார், வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க"ன்னு சொன்னேன். சொல்றப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு. புயலுக்குப் பயந்து கடன் வாங்கிக் கட்டின வீடு அது.

சூடு எந்த வழியா உள்ளே வருது?

அதுக்கப்புறம்தான் கொத்தனார் பயிற்சிக்குப் பேர் கொடுத்தேன். "பொம்பளை கரணை பிடிச்சா சுவர் நேரா நிக்குமா?"ன்னு கேட்டாங்க. இது புதுக்கோட்டை மாவட்டமுங்க. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம்ம அம்மாமார் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டு ரோட்டில் போன மாவட்டம். அன்றைக்கும் இதே மாதிரிதான் கேட்டிருப்பாங்க. கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடே கட்டித் தர்றாங்க. ஜார்க்கண்டில் பெண் கொத்தனாருக்கு 'ராணி மிஸ்திரி'ன்னு பேரே இருக்கு. தூக்குக்குண்டுக்கு ஆம்பளை, பொம்பளை தெரியாது. நேராத்தான் தொங்கும்.

பயிற்சியில் முதல் பாடமே எனக்குப் பொட்டில் அடிச்ச மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ள சூடு வர்றது மூணு வழி.

முதல் வழி கூரை. நம்ம ஊர்ல சித்திரை மாசம் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிக்கும். ஒரே தளமுள்ள வீட்டில் அந்த வெயில் மொத்தமும் கூரையில்தான் விழும். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி நம்ம மேல கக்கும்.

ரெண்டாவது வழி மேற்குச் சுவர். உச்சியில் இருக்கிற சூரியனை சன்ஷேடு மறைக்கும். சாயங்கால வெயில் சாய்ந்து வரும். அது சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து சுவர் முழுக்க அடிக்கும். கிழக்குச் சுவருக்கும் காலையில் இப்படித்தான், ஆனா காலை வெயில் அவ்வளவு சுடாது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு வெயில் குறைவு.

மூணாவது, உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லாதது. காத்து உள்ளே வரணும்னா, வெளியே போக எதிரில் ஒரு வாசல் வேணும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வச்சா அது ஓட்டை, காத்து வழி இல்லை.

என் வீட்டில் இந்த மூணு தப்பும் இருந்தது. இதுல ரெண்டைத் தடுக்க ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. அளவு போடுற அன்றைக்கு வாயைத் திறந்திருந்தா போதும்.

வானம் தோண்டுறதுக்கு முன்னாடி

2023-ல் என் மகளுக்கு வீடு கட்டினோம். அதே தெரு, அதே மாதிரி மேற்குப் பார்த்த மனை. இந்த முறை அளவு டேப்பு என் கையில் இருந்தது.

மனையில் மத்தியானம் மூணு மணிக்குப் போய் நின்னேன். வெயில் எங்கே அடிக்குது, நிழல் எங்கே விழுது, காத்து எங்கிருந்து வருது? வாழையிலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்தாலே காத்து தெரியும். சாயங்காலம் ஒருதரம், காலையில் ஒருதரம் பாருங்க. ஒவ்வொரு மனைக்கும் இது மாறும்.

வாசல் மேற்கே இருந்தா இருக்கட்டும். வீட்டின் குறுகலான பக்கத்தை மேற்கே வச்சு, நீளத்தைக் கிழக்கு மேற்காப் போட்டோம். அப்ப நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். மேற்கே திண்ணை, மாடிப்படி, பாத்ரூம் வச்சோம். வெயில் அதுல பட்டு நின்னுடும். படுக்கிற ரூம்புக்கு வராது. குடைக்கு அடியில் நிக்கிற மாதிரி.

ஜன்னல் தெற்கே ஒண்ணு, அதுக்கு நேர் எதிரே வடக்கே ஒண்ணு. தளத்துக்குக் கீழே ரெண்டு பக்கமும் வெண்டிலேட்டர். சூடான காத்து மேலேதான் ஏறும். போக வழி மேலே இருக்கணும். கொசுவுக்கு வலை அடிச்சுக்கலாம், திருட்டுக்குக் கம்பி போட்டுக்கலாம். ஜன்னலையே வைக்காம விடுறதுக்கு ரெண்டும் காரணமில்லை. சன்ஷேடு ரெண்டு அடி. அடுப்படியைக் காத்து வெளியே போகிற பக்கம் வச்சு, மேலே புகைபோக்கி வச்சோம்.

சாஸ்திரம் பாக்குறவங்க இருப்பீங்க. பாருங்க, வேணாம்னு சொல்லல. அது கூடவே வெயிலையும் காத்தையும் பாருங்கன்னுதான் சொல்றேன்.

திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு போய் செட்டிநாட்டு வீடுகளைப் பாத்திருக்கீங்களா? சித்திரை வெயில்லயும் உள்ளே போனா குளுமை. தேக்குத் தூணும் பளிங்கும் பாத்து, "அது பணக்காரங்க வீடு"ன்னு வந்துடறோம். குளுமைக்குக் காரணம் தேக்கு இல்லீங்க. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், வெயிலை வெளியிலேயே நிறுத்துற தாழ்வாரம். முந்நூறு சதுரடியில் முற்றம் வைக்க முடியாது. ஆனா நிழல், காத்து, மேலே போற சூட்டுக்கு வழின்னு அதே மூணையும் வைக்கலாம்.

சுவர்: அதே செங்கல்லைத் திருப்பி வைக்கிறது

லாரி பேக்கர்னு ஒரு கட்டடக்காரர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கடைசி வரைக்கும் திருவனந்தபுரத்தில் இருந்து 2007-ல் காலமானார். ஏழை எளியவங்களுக்குக் குறைஞ்ச செலவில் வீடு கட்டிக் காட்டினவர். அவர் இங்கே பரப்பின முறைதான் எலிப்பொறிக் கட்டு.

வழக்கமா செங்கல்லைப் படுக்க வச்சு ஒன்பது அங்குலச் சுவர் கட்டுறோம். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி, ரெண்டு வரிசையா வச்சு, நடுவில் குறுக்குக் கல் கொடுப்போம். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். உள்ளே எலிப்பொறி மாதிரி வெற்றிடம் இருக்கும். ஆயிரம் கல் ஆகிற இடத்தில் ஏறக்குறைய எழுநூற்று ஐம்பது கல் போதும். கலவையும் குறையும். உள்ளே நிக்கிற காத்து வெளிச்சூட்டை உள்ளே விடாது, ஃப்ளாஸ்க் மாதிரி.

இதுல கவனிக்க வேண்டியது இருக்கு. கல் ஒரே அளவா, முனை உடையாம இருக்கணும். கோணல் கல்லுக்கு இது சரிப்படாது. மூலை, கதவு ஜன்னல் ஓரம், ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழே, தளம் உக்கார்ற வரிசை இங்கெல்லாம் வெற்றிடம் விடாம முழுசாக் கட்டணும். மூலையில் இருக்கிற வெற்றிடத்தில் கம்பி இறக்கி கான்கிரீட் போட்டுக்கலாம். வயரிங் பைப்பு எங்கே வரும்னு கட்டும்போதே முடிவு பண்ணிடுங்க; பின்னால உளி வச்சுச் சுவரை உடைக்கக் கூடாது. பழக்கமில்லாத கொத்தனாரா இருந்தா நாலடிக்கு நாலடி மாதிரிச் சுவர் கட்டிக் காட்டச் சொல்லுங்க.

செங்கல் இல்லாம மண்கல்லும் இருக்கு. மண்ணில் மணல் கலந்து, நூற்றுக்கு அஞ்சு பங்கு அளவு சிமெண்ட் சேர்த்து, மிஷினில் அழுத்தி எடுக்கிறது. சூளையில் சுடத் தேவையில்லை, விறகு மிச்சம். நிழலில் வச்சு நாலு வாரம் பதப்படுத்தணும். ஆரோவில்லில் இருக்கிற மண் கட்டுமான நிறுவனத்தில் இதுக்குப் பயிற்சி தர்றாங்க. எல்லா மண்ணும் ஆகாது. பாட்டிலில் மண்ணைப் போட்டுத் தண்ணி ஊத்திக் குலுக்கி ஒருநாள் வைங்க. மணல் அடியில் தங்கும், களி மேலே படியும். களி ரொம்பக் கூடினா கல் வெடிக்கும், மணல் ரொம்பக் கூடினா உதிரும். இது முதல் சோதனைதான். கல் அறுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்டக் காட்டிக்கணும்.

எந்தக் கல்லா இருந்தாலும் லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி பெல்ட் கான்கிரீட் விடாதீங்க. கஜாவைப் பாத்தவங்க நாம. ஷீட் போட்டா ஜே போல்ட் போட்டு இறுக்கிக் கட்டணும். மேலே கல்லைத் தூக்கி வச்சா காத்துக்குப் போதாது.

கூரை: கொல்லையில் கிடந்த ஓடு

இப்ப அந்த ஓட்டுக் கதை. கஜாவில் மிஞ்சின ஓடுகள் அஞ்சு வருஷமா கொல்லையில் கிடந்தது. பயிற்சியில் ஃபில்லர் தளம்னு சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தளத்தின் மேல்பாதி கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குது. கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குறது கம்பி. அங்கே இருக்கிற கான்கிரீட் கம்பியைப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான். அதனால கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கீழ்ப்பாதியில் கொஞ்சம் கான்கிரீட்டைக் குறைச்சு, பழைய ஓட்டை வைக்கலாம். ரெண்டு ஓட்டை ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் காத்து நிக்கிற மாதிரி வச்சோம். வடிவமைப்பைப் பொறுத்து கான்கிரீட் ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்கு மிச்சமாகும். சூடும் குறையும். மகள் வீட்டுத் தளத்தில் இருநூறு ஓடு போச்சு. அண்ணாந்து பாத்தா எங்க பழைய வீட்டு ஓடு தெரியும். என் மாமியார் பாத்துட்டு, "இது நம்ம அடுப்படி ஓடுடி"ன்னு அடையாளம் சொன்னாங்க.

ஆனா ஒண்ணு. ஃபில்லர் தளத்துக்குக் கம்பி எவ்வளவு, எத்தனை அங்குலத்துக்கு ஒண்ணு, ஓரத்தில் எவ்வளவு இடம் முழு கான்கிரீட்டா விடணும் எல்லாம் இஞ்சினியர் வரைஞ்சு கொடுக்கணும். நான் சொன்னேன்னு யாரும் ஊர் மேஸ்திரியை வச்சு ஓட்டை அடுக்கிடாதீங்க. தலைக்கு மேல இருக்கிற சங்கதி. ஓட்டை முன்னாடியே தண்ணியில் ஊற வைக்கவும் மறக்கக் கூடாது. இல்லாட்டி கலவைத் தண்ணியை ஓடு குடிச்சிடும்.

தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மேல் தளம் போட்டு, அதுக்கு மேலே தட்டோடு பதிச்சோம். தண்ணி ஓட வாட்டம் வச்சோம். மேலே வெள்ளை அடிச்சோம். என் வீட்டில் கிரானைட்டுக்குப் போன காசு, மகள் வீட்டில் கூரைக்குப் போச்சு. மொத்தச் செலவு கூடல.

ஏற்கெனவே கட்டியாச்சே, என்ன செய்ய?

இதைத்தான் நிறையப் பேர் கேப்பீங்க. நானும் கேட்டேன். என் வீட்டை இடிச்சுக் கட்ட முடியுமா? முடியாது. செஞ்சது என்னன்னு சொல்றேன்.

மொட்டை மாடியைக் கழுவி, விரிசலை அடைச்சு, சுண்ணாம்போடு வெள்ளைச் சிமெண்டும் கொஞ்சம் பசையும் கலந்து ரெண்டு கை அடிச்சேன். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். இப்படி வெள்ளைக் கூரை போட்டா வீட்டுக்குள்ள 2 முதல் 5 டிகிரி வரைக்கும் சூடு குறையும்னு பல இடங்களில் பாத்திருக்காங்க. தெலங்கானாவில் 2023-ல் இதுக்குன்னே அரசாங்கம் கொள்கை கொண்டு வந்தது. தூசி படிஞ்சா வெண்மை போயிடும். வருஷா வருஷம் பங்குனிக்கு முன்னாடி ஒருதரம் அடிக்கணும். நாம ரெண்டு பேர் ஒரு நாள்ல அடிச்சிடலாம், கூலியும் மிச்சம்.

கிழக்குச் சுவரை உடைச்சு ஒரு ஜன்னல் வச்சேன். மேற்குச் சுவருக்கு வெளியே பந்தல் போட்டு அவரைக்கொடி ஏத்தினேன். கொஞ்சம் தள்ளி ஒரு புங்கன், ஒரு வேம்பு. மரம் வளர்ற வரைக்கும் கொடி பாத்துக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவங்க வெளிப்பக்கம் வெள்ளை அடிங்க. அதை அறுக்காதீங்க, உடைக்காதீங்க, தேய்க்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ரெண்டு குடம் தண்ணி

சித்தாளா இருக்கிற தங்கச்சிகளுக்கு இது. கலவை இளக்கமா இருந்தா அள்ள லேசு. அதனால "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து"ன்னு சொல்லுவாங்க. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு கான்கிரீட்டில் ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணி போதும். பிளாஸ்டிக் குடத்தில் ரெண்டு குடம் முழுசா வராது. தண்ணி கூடக் கூட கான்கிரீட்டுக்குப் பலம் குறையும்.

கலக்கும்போது கூடுதலா ஊத்துற அதே தண்ணியை, காய்ஞ்ச பிறகு ஊத்த மறந்துடறாங்க. தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். சாதா சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காயவே கூடாது. சுவருக்குச் சாக்கு நனைச்சுப் போடுங்க. என் வீட்டுத் தளத்துக்கு மூணு நாளோட நிறுத்திட்டாங்க. அந்த விரிசலுக்குத்தான் வருஷா வருஷம் செலவழிக்கிறேன். தண்ணி பிடிக்கிறது யாரு? நாமதானே. அப்ப கணக்கும் நம்மகிட்டதான் இருக்கணும்.

கரண்டுக் கணக்கு

வீடு குளுமையானா அடுத்தது கரண்டு. நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். ரெண்டு ஃபேன்னா 108. இலவசம் அதுலயே முடிஞ்சது. பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுதான். அதே ஓட்டத்துக்கு ரெண்டும் சேர்ந்து 43 யூனிட். விலை கூடத்தான், பழைய ஃபேன் கெட்டுப் போகும்போது மாத்துங்க. குண்டு பல்பு 60 வாட் எரிக்கிற இடத்தில் 9 வாட் எல்இடி போதும்.

சோலார் பத்திக் கேக்குறாங்க. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலும் 78,000 மானியம். தையல் மிஷின், கிரைண்டர்னு வீட்டிலேயே தொழில் பாத்து கரண்டு நிறைய ஆகிறவங்க கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு ஃபேன், நாலு லைட்டு வீட்டுக்கு அதுக்காகக் கடன் வாங்காதீங்க. முதல்ல கூரைக்கு வெள்ளை.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுரடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தர்றாங்க. அதோட குழுக் கடனும் சேர்த்து நம்ம ஊராட்சிகளில் நிறைய வீடு எழும்புது. ஒரு தரம் கட்டினா முப்பது, நாப்பது வருஷம் அதுலதான் இருக்கப் போறோம். அதனால கேக்குறேன். வீட்டுக்குக் கடன் தீர்மானம் எழுதுறதுக்கு முன்னாடி, குழுவில் ரெண்டு பேர் மத்தியானம் மூணு மணிக்கு அந்த மனையில் போய் நிக்கணும். இந்த அஞ்சு கேள்விக்குப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்.

1. மேற்குப் பக்கம் என்ன வருது? படுக்கிற ரூம்பா, திண்ணையா?
2. ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் இருக்கா? மேலே வெண்டிலேட்டர் இருக்கா?
3. கூரைக்கு மேல் தளமும் வெள்ளையும் செலவுக் கணக்கில் சேர்ந்திருக்கா?
4. லிண்டல் பெல்ட் இருக்கா? தண்ணி நிறுத்த 10 நாளைக்கு யார் பொறுப்பு?
5. கடன் கட்டப் போற பொம்பளை அந்த வரைபடத்தைப் பாத்தாளா? அவ என்ன சொன்னா?

அஞ்சாவது கேள்விக்குப் பதில் இல்லாட்டி தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க. ஒரு வாரம் தள்ளிப் போனா ஒண்ணும் கெட்டுப் போகாது.

என் வீடு குளுமையாயிருச்சான்னு கேட்டா, முன்னைக்கு இப்ப தேவலை, அவ்வளவுதான். மகள் வீடு எப்படின்னு பாக்க தெர்மாமீட்டர் எல்லாம் எங்ககிட்ட இல்லை. ஆனா சாப்பிட்டு முடிச்சதும் என் மாமியார் பாயைச் சுருட்டி இடுக்கிக்கிட்டு, பூக்கூடையைத் தூக்கிக்கிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கிற பேத்தி வீட்டுக்கு நடந்துடறாங்க. வெயில் தாழ்ந்து அஞ்சு மணிக்குத்தான் திரும்புறாங்க. நான் கட்டின சுவருக்கு அதைவிட வேற சான்றிதழ் வேண்டாம்.

யார் வேணும்னாலும் ஒருநாள் மத்தியானம் வாங்க. ரெண்டு வீட்டிலும் கால் மணி நேரம் உக்காந்து பாருங்க. வித்தியாசத்தை நான் சொல்லவே வேண்டாம். வரும்போது உங்க வீட்டு அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க, சேர்ந்து பாப்போம்.